‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதும் சமையல் குறிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சைவச் சமையல் குறிப்புகளை எழுதியும் காணொளியாக எடுத்தும் வெளியிடும் அனைவருக்கும்,

வணக்கம்.

உங்கள் குறிப்பை அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைப்பவர்கள் எழுதும் மடல் இது. ராஜ்மா, மோர்க்குழம்பு, மலாய் கோஃப்தா மட்டுமில்லாமல் ஃபலாஃபல் (கொண்டைக்கடலை உருண்டை), ரிசோட்டோ (இத்தாலியக் குழைசாதம்), தாய்லாந்துப் பச்சைக் கறி, எத்தியோப்பியப் பருப்புக் குழம்பான மிசிர் வாட் வரை இன்று எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லித் தருகிறீர்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் குறிப்பில் சொன்னபடியே செய்தும் சரியாக வராதபோது, எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க அந்தக் குறிப்பில் ஒரு வழியும் இருப்பதில்லை. பொரியலில் கை தவறினால் பக்கத்தில் குழம்பு இருக்கிறது. சாப்பாட்டின் நடுவில் வைக்கிற பதார்த்தம் கெட்டுப்போனால் அன்றைய வேளையே போயிற்று. அதனால் கேட்கிறோம்: எடையை எழுதுங்கள், பதத்தின் அடையாளத்தை எழுதுங்கள், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று ஒரு வரி சேருங்கள்.

வெங்காயத்திலிருந்து தொடங்கலாம். ‘வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை 5 நிமிடம் வதக்கவும்’ என்ற வரி எத்தனையோ குறிப்புகளில் வருகிறது. 5 நிமிடத்தில் வெங்காயம் பொன்னிறமாகாது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அது வற்றாதவரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். பொடியாக நறுக்கிய 300 கிராம் வெங்காயத்தை 3 மேசைக்கரண்டி எண்ணெயில், அடி கனமான அகன்ற வாணலியில், மிதமான தீயில் வதக்கினால் 8 நிமிடத்தில் கண்ணாடிப் பதம் வரும். கால் மணி நேரத்தில் ஓரங்கள் சிவக்கும். முழுவதும் ஒரே பழுப்பாக 20 முதல் 25 நிமிடம் ஆகும். இதை மறைப்பதால் என்ன நடக்கிறது தெரியுமா? 5 நிமிடத்தில் நிறம் வரவில்லையே என்று தீயைக் கூட்டுகிறார்கள். ஓரம் கருகுகிறது, நடு வேகாமல் நிற்கிறது, மசாலாவில் கசப்பும் பச்சை வாடையும் சேர்ந்து வருகின்றன. இல்லையென்றால் அரைவேக்காட்டு வெங்காயத்தின் மேல் தக்காளியைப் போட்டுவிடுகிறார்கள். தக்காளியின் புளிப்பு பட்டதும் வெங்காயம் மேற்கொண்டு குழைவது மிகவும் மெதுவாகிவிடும். அரை மணி நேரம் கொதித்த பிறகும் கிரேவியில் வெங்காயத் துண்டு நறுக்கென்று பல்லில் படுவது இதனால்தான்.

மிசிர் வாட் செய்முறையில் இதே வெங்காயம் வேறு மாதிரி போகிறது. முதலில் எண்ணெயே விடாமல் வெறும் சட்டியில் வதக்கி, பிடிக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து, கூழாகும் அளவுக்குக் குழைய வைத்த பிறகுதான் நெய்யும் பெர்பெரே மசாலாவும் சேரும். அந்தக் குழம்பின் கெட்டித்தன்மையில் மசூர் பருப்புக்கு இருக்கிற பங்கு வெங்காயத்துக்கும் உண்டு. ‘எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி’ என்று வழக்கப்படி எழுதிவிட்டால் அந்தப் பதார்த்தமே மாறிப்போகிறது.

அடுத்தது ‘எண்ணெய் பிரியும் வரை’. நல்ல அடையாளம்தான். தக்காளியில் உள்ள தண்ணீர் வற்றிய பிறகுதான் எண்ணெய் தனியே வெளிவரும். 250 கிராம் தக்காளிக்கு 10 நிமிடம் வரை பிடிக்கும். ஆனால் உடல்நலம் கருதி எண்ணெயை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்துவிட்டு, கீழே அதே வரியை அப்படியே விட்டுவிடுகிறீர்கள். அவ்வளவு குறைந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பிரியவே பிரியாது. காத்திருந்து காத்திருந்து மசாலா அடிபிடிக்கிறது. அங்கே வேறு அடையாளம் சொல்ல வேண்டும்: கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், மசாலா தெறிப்பது நின்று மெதுவாகக் கொப்புளம் விட வேண்டும். தாய்லாந்துக் கறியிலும் இதே சிக்கல்தான். கெட்டித் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் பிரிந்ததும் மசாலா விழுதைப் போட்டு வதக்கச் சொல்கிறீர்கள். டப்பாவில் வரும் தேங்காய்ப்பால் பலவற்றில், பிரியாமல் இருப்பதற்கென்றே நிலைப்படுத்திகள் சேர்த்திருக்கும். எவ்வளவு காய்ச்சினாலும் பிரியாது. அந்த நேரத்தில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு விழுதை வாசனை வரும்வரை வதக்கிவிட்டுப் பாலை ஊற்றலாம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அளவைகளுக்கு வருவோம். ஒரு கப் என்பது சிலருக்கு 200 மில்லி, சிலருக்கு 240, சிலருக்கு 250. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற பல இடங்களில் 15. ‘நடுத்தர அளவு வெங்காயம் 2’ என்றால் 150 கிராமும் ஆகலாம், 300 கிராமும் ஆகலாம். கடலை மாவைத் தளர்வாக அள்ளினால் ஒரு எடை, அழுத்தி நிரப்பினால் இன்னொரு எடை. சமையலறைத் தராசு இன்று அரிய பொருள் இல்லை. கப் அளவை எடுத்துவிடச் சொல்லவில்லை. பக்கத்தில் கிராமையும் போடுங்கள்.

உப்புக்கு ‘தேவையான அளவு’ என்று எழுதுவதை எல்லா இடத்திலும் நாங்கள் குறை சொல்லவில்லை. சாம்பாரை ருசி பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கோஃப்தா உருண்டை, ஃபலாஃபல் மாவு, அடுப்புக்குள் அடுக்கி வைக்கும் லசான்யா, பிரியாணிக்கு அரிசி வேகும் தண்ணீர் ஆகியவற்றில் பின்னால் திருத்த வழியில்லை. இங்கே எண் வேண்டும். பொதுவாக 100 கிராம் உணவுக்கு முக்கால் கிராமிலிருந்து 1 கிராம் உப்பு பெரும்பாலான நாக்குக்குச் சரியாக இருக்கும். தூள் உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். கல் உப்பு அதே கரண்டியில் குறைவாகத்தான் பிடிக்கும். எந்த உப்பு என்று சொல்லாமல் ‘ஒரு தேக்கரண்டி’ என்றால் அதுவும் அரைகுறை அளவுதான்.

இனி விசில். ‘குக்கரில் 4 விசில்’ என்பது நேரமும் ஆகாது, சூடும் ஆகாது. வெயிட் எத்தனை முறை தூக்கியது என்பது மட்டும்தான். சிறிய குக்கரில் பெருந்தீயில் 4 விசில் சில நிமிடங்களில் வந்துவிடும். பெரிய குக்கரில் சிறுதீயில் கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். மின்சார பிரஷர் குக்கர்களில் பலவற்றில் விசிலே கிடையாது. முதல் விசில் வந்ததும், அதாவது முழு அழுத்தம் ஏறியதும், தீயைக் குறைத்து அங்கிருந்து நிமிடக் கணக்கு சொல்லுங்கள். அரை மணி நேரம் ஊறிய துவரம்பருப்புக்கு 8 முதல் 10 நிமிடம், இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்கும் ராஜ்மாவுக்கும் 20 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. பருப்போ பயறோ தண்ணீரோடு சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. நுரை ஏறி ஆவி போகும் வழியை அடைத்துக்கொள்ளும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அப்போதுதான் கடைப்பிடிப்பார்கள்.

பயறு வேகாமல் போவதற்கு நீங்கள் சொல்லும் ஒரே காரணம் ‘சரியாக ஊறவில்லை’. உண்மையில் காரணங்கள் பல. பழைய பயறு எவ்வளவு ஊறினாலும் குழையாது. கடினத்தண்ணீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்கும். எல்லாவற்றையும் விட அடிக்கடி நடப்பது, புளிப்பை முன்னால் சேர்ப்பது. புளி, தக்காளி, எலுமிச்சை எதுவானாலும் பயறு விரலில் நசுங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் சேர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு மூடச் சொல்லும் ‘எளிய’ ராஜ்மா, சன்னா குறிப்புகள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கின்றன.

உப்பு விஷயத்தில் நேர்மாறு. ஊறும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பல குறிப்புகளில் இன்னும் எழுதுகிறார்கள். 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்புக் கரைத்து 200 கிராம் பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்துப் பாருங்கள். தோலில் உள்ள கால்சியம், மக்னீசியத்தின் இடத்தை உப்பின் சோடியம் பிடித்துக்கொள்வதால் தோல் மென்மையாகிறது, வெடித்துச் சிதறாமல் முழுசாகவும் வேகிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். சமையல் சோடா போடுவதென்றால் 200 கிராம் பயறுக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கூடினால் சோப்பு ருசி வரும்.

புளிப்பின் இந்தக் குணத்தைச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். குழம்பில் காய் குழையக் கூடாது என்றால் அது முக்கால் பதம் வெந்ததும் புளிக்கரைசலை விட்டுவிட வேண்டும். அதன் பிறகு காய் எளிதில் கரையாது. உருளைக்கிழங்கைப் பச்சையாகவே புளித்தண்ணீரில் போட்டால் நெடுநேரம் கல்லாக நிற்பதும் இதனால்தான்.

தயிர் திரிவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் இங்கே உங்கள் குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன. மோர்க்குழம்பு கொதிக்கவே கூடாது என்கிறீர்கள். வட இந்தியாவின் ‘கடி’ என்னும் தயிர்க்குழம்பை அரை மணி நேரம் கொதிக்க வைக்கச் சொல்கிறீர்கள். இரண்டும் சரிதான், காரணத்தைச் சொல்லாததால் வாசகர் குழம்புகிறார். கடியில் 250 கிராம் தயிருக்கு 30 கிராம் கடலை மாவும் 750 மில்லி தண்ணீரும் சேர்கின்றன. அவ்வளவு மாவுச்சத்து தயிரின் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத் தடுக்கிறது. மாவின் பச்சை வாசனை போகவும் அந்த 25, 30 நிமிடக் கொதி வேண்டும். முதல் கொதி வரும்வரை மட்டும் கை நிறுத்தாமல் கிளற வேண்டும், இல்லாவிட்டால் மாவு அடியில் இறங்கிவிடும், மேலே இருக்கும் தயிர் பாதுகாப்பில்லாமல் திரியும். மோர்க்குழம்பிலோ அரை லிட்டர் கெட்டி மோருக்கு ஊறவைத்து அரைத்த ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பும் ஒரு தேக்கரண்டி அரிசியும்தான். அந்த மாவுச்சத்து சூடேறும் வரைக்கும் தாங்கும், தளதளவென்று கொதித்தால் தாங்காது. ஓரங்களில் நுரை கட்டி மேலெழும்பும்போதே அடுப்பை அணைத்துவிட வேண்டும். அணைத்த பிறகும் பாத்திரத்தின் சூட்டில் வேகும் என்பதால் உடனே மூடவும் கூடாது. கொழுப்பு நீக்கிய தயிர் இன்னும் சீக்கிரம் திரியும் என்பதையும் எழுதுங்கள். கிரேவியில் தயிர் சேர்க்கும் குறிப்புகளுக்கும் இதே விதிதான்: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தயிரைக் கொதிக்கும் மசாலாவில் கொட்டாமல், அறைச் சூட்டுக்கு வந்த தயிரை அடித்து, தீயைக் குறைத்து, ஒவ்வொரு கரண்டியாகச் சேர்க்க வேண்டும்.

பனீருக்கு ஒரு வரி போதும். எலுமிச்சையில் திரிந்த பால்புரதம் சூட்டில் உருகாது, நேரம் ஆக ஆக இறுகத்தான் செய்யும். எனவே கடைசி 3, 4 நிமிடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பொரித்த பனீர் என்றால் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் போட்டுவைத்தால் மென்மையாகிவிடும்.

எண்ணெயில் உதிர்ந்துபோகும் உருண்டைகளைப் பற்றித்தான் கருத்துப் பகுதிகளில் அதிகமான கேள்விகள் வருகின்றன. ‘கொஞ்சம் மைதா சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாக இருக்கிறது. ஃபலாஃபலுக்கு அந்தப் பதில் தவறு. வெந்த கொண்டைக்கடலையில், டப்பாக் கடலையில்கூட, மாவுச்சத்து ஏற்கெனவே தண்ணீர் குடித்து ஊதிவிட்டது. எண்ணெயில் விழுந்த பிறகு பிடித்துக்கொள்ள அதனிடம் ஒன்றும் மிச்சமில்லை. 250 கிராம் கடலையை 12 முதல் 24 மணி நேரம் ஊறவைத்து, வேகவைக்காமல், துணியில் ஈரம் ஒற்றி, பருப்பு வடைக்கு அரைப்பதுபோல் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். அரைத்ததை அரை மணி நேரம் குளிரவைத்து, 175 டிகிரி எண்ணெயில் முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் பெரும்பாலும் ஈரம் அதிகம் அல்லது அரைத்தது போதவில்லை. இன்னும் இரண்டு சுற்று அரைத்தாலே சேர்ந்துவிடும்.

மலாய் கோஃப்தா உடைவதற்குக் காரணம் உருளைக்கிழங்கின் தண்ணீர். தோலோடு வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு, துருவிக்கொள்ள வேண்டும். 250 கிராம் கிழங்குக்கு 200 கிராம் பனீர், 25 கிராம் சோளமாவு. உருண்டையில் விரிசல் இருந்தால் எண்ணெய் அதன் வழியே உள்ளே போய் உடைத்துவிடும். எண்ணெய் காயாமல் போட்டால் மேல்தோல் கட்டுவதற்குள் கரைந்துவிடும். பரிமாறும்போதுதான் கிரேவியைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறீர்கள், அது மேலே வர வேண்டிய செய்தி.

அரிசியைக் கழுவுவதிலும் காரணம் சொல்லத்தான் வேண்டும். புலாவுக்கு உதிரியாக வர வேண்டும் என்பதால் மேல் மாவைக் கழுவிப் போக்குகிறோம். ரிசோட்டோவின் வழுவழுப்பு முழுவதும் அந்த மாவிலிருந்துதான் வருகிறது, எனவே கழுவவே கூடாது. பழக்கதோஷத்தில் கழுவிவிடுவார்கள் என்று தெரிந்தே இதை முதல் வரியில் எழுதுங்கள். கத்தரிக்காய்க்கும் அப்படி ஒன்று உண்டு. அதன் சதை முழுக்கக் காற்றறைகள். கத்தரிக்காயை அடுக்கிச் செய்யும் கிரேக்க மூசாக்காவுக்குத் துண்டு போட்டு அப்படியே பொரித்தால் எண்ணெயைக் குடித்துத் தீர்த்துவிடும். உப்புத் தடவி முக்கால் மணி நேரம் வைத்துப் பிழிந்தால் அந்த அறைகள் சரிந்து எண்ணெய் செலவு குறையும்.

இரட்டிப்பாகச் செய்வது பற்றி யாரும் எழுதுவதில்லை. 8 பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கினால் குழம்பு நீர்த்துப் போகும். பாத்திரம் இரண்டு மடங்கு அகலமாவதில்லை, தண்ணீர் ஆவியாவதும் இரட்டிப்பாவதில்லை. தண்ணீரை ஒன்றரை மடங்கில் தொடங்கி, போதாவிட்டால் விடச் சொல்லுங்கள். வெங்காயம் வதங்கும் நேரமோ கூடவே செய்யும்.

சைவம் என்று தலைப்பிட்டு எழுதுபவர்களுக்கு இன்னொன்று. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் ரென்னெட் சேர்த்தே செய்யப்படுகிறது. கிரானா படானோவும் அப்படியே. தாய்லாந்துக் கறி விழுதுகளில் வழக்கமாக இறால் விழுது இருக்கும். ஜப்பானியச் சூப்புச் சாறான டாஷியில் போனிட்டோ மீன், பல கிம்ச்சிகளில் மீன் சாஸ், வூஸ்டர்ஷையர் சாஸில் நெத்திலி வகை மீன். இவற்றைப் பொருள் பட்டியலில் சாதாரணமாகப் போட்டுவிட்டு மேலே சைவம் என்று எழுதுவது, உங்களை நம்பிச் சமைப்பவர்களுக்குச் செய்யும் தவறு. மாற்று வழிகள் இருக்கின்றன. நுண்ணுயிர் ரென்னெட் என்று உறையில் அச்சிட்ட கெட்டிப் பாலாடைக்கட்டி வாங்கலாம். டாஷிக்கு 1 லிட்டர் தண்ணீரில் 10 கிராம் ‘கொம்பு’ எனும் உலர்ந்த ஜப்பானியக் கடற்பாசியும் 4, 5 உலர்ந்த ஷிடாகே காளானும் இரவு முழுக்க ஊறினால் போதும். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் கொஞ்சம் உப்பும் போடலாம். அதே ருசி வராது, ஆனால் கறி நிறைவாக இருக்கும்.

கடைசியாக, இதை மட்டும் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டுகிறோம். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ நான்கைந்து பயறு வயிற்றுக்குள் போனாலே 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் குமட்டலும் வாந்தியும் தொடங்கலாம். பிரஷர் குக்கரில் முழுதாக வேகவைப்பவர்களுக்கு ஆபத்தில்லை. ஆனால் சிறுசூட்டில் மணிக்கணக்காக வேகும் மெதுக்குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேரே போடச் சொல்லும் குறிப்புகள் பல உலவுகின்றன. அந்தக் குக்கரில் சூடு பல நேரம் கொதிநிலையை எட்டுவதில்லை. 80 டிகிரி அளவில் வெந்த ராஜ்மா, பச்சை ராஜ்மாவை விடவும் அதிக நச்சோடு இருக்கக்கூடும். முளைகட்டிய ராஜ்மாவைச் சாலட்டில் பச்சையாகச் சேர்க்கச் சொல்வதும் இதே ஆபத்துதான். உங்களுடைய பழைய குறிப்புகளைத் தேடி எடுத்து, ராஜ்மா வருகிற ஒவ்வொன்றிலும் பொருள் பட்டியலுக்கு மேலேயே இதைச் சேர்த்துவிடுங்கள்: ‘குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே மெதுக்குக்கரில் போடவும்.’

நன்றியுடன்,
வீட்டில் சைவம் சமைப்பவர்கள்